மூன்றைத் தாண்டாத ஆம்ப்

பட்டறையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. எல்லோருக்கும் அவள் ‘ஸ்கேல்’தான். லிஃப்டுக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் போகிற கண்ட்ரோல் பெட்டிகளுக்கு ஒயரிங் செய்வது இருபத்து மூன்று வருடமாக அவள் வேலை. அவள் முடித்த பெட்டியைத் திறந்து பார்த்தால் ஐம்பது அறுபது ஒயர்கள் தோளோடு தோள் ஒட்டி, ஒரே நேர்கோட்டில் போய், ஒரே இடத்தில் திரும்பி, அங்குலத்துக்கு ஒரு முடிச்சாக மெழுகு நூலில் கட்டுப்பட்டிருக்கும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு மேனேஜர் அதைக் காட்டிவிட்டுத்தான் ஸ்க்ரூடிரைவரையே கையில் கொடுப்பார். அவளுக்கும் அதில் பெருமை கொஞ்சநஞ்சமல்ல. வீட்டில் கணவர் சார்ஜர் ஒயரைச் சிக்கலாகப் போட்டுவைத்தால் அன்றைக்கு மனுஷன் பாடு திண்டாட்டம்.

இப்படிப்பட்டவள் கிட்டார் ஆம்ப் கட்ட உட்கார்ந்தது தங்கைக்காக. தங்கை மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள்; மீதி நேரமெல்லாம் எலெக்ட்ரிக் கிட்டார். ஆம்ப் என்றால் ஒன்றுமில்லை, கிட்டாரிலிருந்து கொசு முனகுவதுபோல வருகிற சத்தத்தை ஊதிப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிற பெட்டி. கடையில் விற்பதெல்லாம் தங்கைக்குப் பிடிக்கவில்லை. கண்ணாடிக் குப்பிக்குள் கம்பி சிவந்து எரியுமே, அந்த வால்வு வைத்த பழைய மாதிரி ஆம்ப்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

எந்தப் பள்ளிக்கூடமோ கழித்துப்போட்ட மைக் செட் ஒன்று பட்டறையின் காயலான் குவியலில் கிடந்தது. அதிலிருந்து வால்வுகளையும், கல்லாய்க் கனத்த இரண்டு டிரான்ஸ்பார்மர்களையும் மேனேஜரிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். சர்க்யூட் படம் ஒன்றை பிரிண்ட் எடுத்துச் சமையலறைச் சுவரில் ஒட்டினாள். அதன்பிறகு மூன்று மாதம் சாப்பாட்டு மேஜை அவள் வசம். வீட்டில் எல்லோரும் தரையில் தட்டை வைத்துச் சாப்பிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு நூலகத்து மாடி ஹாலில் தங்கையின் இசைக்குழு முதன்முதலாக ஆட்கள் முன்னால் வாசிக்கப்போகிறது. அன்று காலை பத்து மணிக்கு, தோளில் கிட்டாரோடு தங்கை உள்ளே நுழைந்தாள்.

“இரவல் வாங்கி வச்சிருந்த ஆம்ப்பைத் திருப்பிக் குடுத்துட்டேன்கா. இன்னைக்கு உன்னோடதுதான்.”

“அடிப்பாவி! இன்னும் ஸ்விட்சே போடலடி!”

“நீ ஒயர் மாட்டி எது ஓடாம இருந்திருக்கு?”

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்; எட்டு மணி நேரம்தான் இருந்தது. ஆனாலும் உள்ளுக்குள் என்னவோ துள்ளியது என்பதையும் மறைக்க முடியவில்லை. மின்சார ஒயருக்கு நடுவே ஒரு நூறு வாட் குண்டு பல்பை மாட்டினாள். உள்ளே எங்காவது தப்பு இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். எல்லாம் சரியென்றால் ஒரு கணம் மின்னி மங்கிவிடும். மூன்று பேரும் மேஜையைச் சுற்றி நின்றார்கள். கணவர் மட்டும் இரண்டடி தள்ளியே நின்றார். பள்ளி வேன் ஓட்டுகிறவர், எதிலும் இடைவெளி விடுகிற பழக்கம்.

ஸ்விட்சைப் போட்டாள். பல்பு பளீரென்று எரிந்தது. பல்பு மெல்ல மெல்ல மங்கி, வெறும் சிவப்புக் கோடாகியது. வால்வுகளுக்குள் கம்பி சிவந்தது. ஷாக் அடித்தாலும் நெஞ்சு வழியாகப் பாயாதபடி இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வலது கையால் மீட்டரை வைத்துப் பார்த்தாள். முந்நூற்றிருபது வோல்ட். படத்தில் போட்டிருந்தபடி அச்சு அசலாக.

“வந்துடுச்சுடி!” என்று அவள் குதித்த குதியில் தட்டில் இருந்த திருகாணிகள் உருண்டோடின.

பல்பை எடுத்துவிட்டுக் கிட்டாரைச் சொருகினார்கள். வால்யூம் ஒன்று. அழகான சத்தம். இரண்டு. தங்கையின் முகம் மலர்ந்தது. மூன்றைத் தாண்டியதுதான் தாமதம், கீ...ச் என்று ஓர் ஊளை எழுந்தது. கணவர் காதைப் பொத்திக்கொண்டார். தங்கை கிட்டாரைத் தொடக்கூட இல்லை. ஆம்ப் தானாகவே கத்தியது. குறைத்தால் நின்றது, கூட்டினால் மறுபடி பிடித்துக்கொண்டது.

“மூணுல வச்சே வாசிச்சுட்டா என்னம்மா?” என்றார் கணவர்.

“மூணுல வச்சா டிரம்ஸ் சத்தத்துல நான் வாசிக்கிறது எனக்கே கேக்காது மாமா.” தங்கையின் குரல் இறங்கிவிட்டது. “இன்னொரு ஆம்ப்புக்கு இனிமே யார்கிட்டக்கா போவேன்?”

அக்கா வால்வை மாற்றிப் பார்த்தாள். ஊளை. டிரான்ஸ்பார்மரின் இரண்டு ஒயர்களை இடம் மாற்றிப் பூட்டினாள். முன்பைவிடப் பெரிய ஊளை, பழையபடியே மாற்றினாள். பற்றவைத்த இடங்களை ஒவ்வொன்றாக மறுபடி சூடு காட்டினாள். மணி பன்னிரண்டரை. சாப்பிடக் கூப்பிட்ட கணவரை அவள் பார்த்த பார்வையில் அவர் தன் தட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விட்டார்.

கடைசியில், உலர்ந்த மூங்கில் குச்சி ஒன்றை எடுத்து, ஆம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு பாகமாகத் தட்டினாள். இங்கே ஒன்றுமில்லை. அங்கேயும் ஒன்றுமில்லை. பட்டறைப் பாணியில் ஒயர்களையெல்லாம் சேர்த்துக் கட்டியிருந்த மெழுகு நூல் கட்டின் நடுவே குச்சியை நுழைத்து லேசாக நெம்பினாள். ஊளை சட்டென்று தாழ்ந்தது. குச்சியை எடுத்தாள், ஏறியது. மறுபடி நெம்பினாள், தாழ்ந்தது.

“இது என் கட்டுடி,” என்றாள்.

பட்டறைப் பெட்டிகளில் ஒயருக்குள் மின்சாரம் வரும், இல்லை வராது. பக்கத்து ஒயரில் என்ன போகிறது என்று எந்த ஒயருக்கும் கவலையில்லை. இங்கே அப்படியா? கிட்டாரிலிருந்து உள்ளே வரும் ஒயரில் ரகசியம் போல ஒரு முணுமுணுப்பு. ஸ்பீக்கர் பக்கம் போகும் ஒயரில் அதே முணுமுணுப்பு ஆயிரம் மடங்கு கூச்சலாக. ரகசியம் பேசுகிறவளையும் தொண்டை கிழியக் கத்துகிறவனையும் ஒன்றரை அடி நீளத்துக்கு ஒரே கட்டில் சேர்த்துக் கட்டியிருக்கிறாள் இந்த மகராசி. வெளியே போன கூச்சல் கசிந்து உள்ளே வர, அது மறுபடி பெரிதாகி வெளியே போக, மறுபடி கசிய... ஊளை வராமல் என்ன செய்யும்?

ஆம்ப்பை அணைத்து, கண்டன்சர்களில் மிச்சமிருந்த மின்சாரத்தை வடித்துவிட்டு, கத்தரிக்கோலை எடுத்தாள். எடுத்த கை அப்படியே நின்றது. மூன்று வாரக் கட்டு அது. வாழ்நாளில் அவ்வளவு அழகாக அவள் எதையும் கட்டியதில்லை. நேற்று சாயங்காலம்தான் கடைசி முடிச்சைப் போட்டு, போட்டோ பிடித்துப் பட்டறை நண்பர்களுக்கெல்லாம் அனுப்பி, பதினேழு பேர் கைதட்டியிருந்தார்கள். தங்கை சுவரில் ஒட்டிய படத்தைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டாள். அவள் நகத்தைக் கடிக்கிற சத்தம் கேட்டது.

அறுத்தாள். ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு, பிறகு சரசரவென்று எல்லாம். கிட்டார் ஒயரைப் பாதியாக வெட்டிக் குறுக்கி, தகட்டின் ஓரமாக ஒட்டி இறக்கினாள். ஸ்பீக்கர் பக்கத்து ஒயர்களை எதிர்மூலைக்கு விரட்டினாள். மற்றவற்றையெல்லாம் எது கிட்ட வழியோ அந்த வழியில், மேலும் கீழும் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டுப் பற்றவைத்தாள். முடிந்தபோது மணி மூன்றரை. உள்ளே காக்காய்க் கூடு போல இருந்தது. பட்டறையில் யாராவது இப்படி ஒரு பெட்டியை அவள் மேஜையில் வைத்திருந்தால் அவளே தூக்கிக் குப்பையில் போட்டிருப்பாள்.

ஸ்விட்ச். வால்யூம் மூன்று. நான்கு. ஆறு. எட்டு. சின்னதாக ஒரு இரைச்சல், அவ்வளவுதான்.

“என்ன, செத்துப்போச்சா?” என்று படியிலிருந்து கணவர் எட்டிப்பார்த்தார்.

பதிலுக்குத் தங்கை ஆறு தந்தியையும் சேர்த்து ஒரு இழுப்பு இழுத்தாள். அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. கணவர் காலித் தட்டைப் படியிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தார். அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு, நடுவில் கிட்டார் நசுங்குவதையும் பொருட்படுத்தாமல், பைத்தியம் பிடித்ததுபோலச் சிரித்தார்கள்.

“வேனை எடுங்க, வேனை எடுங்க!”

ஆறு மணிக்கு ஹால் நிரம்பியிருந்தது. அவள் ஆம்ப்புக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில், ஊளை எப்போது வருமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் பாட்டு சுத்தமாகப் போயிற்று. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பாட்டின் நடுவில் தங்கை பின்னால் வந்து குனிந்து, வால்யூமைக் கோடி வரைக்கும் திருப்பினாள்.

சத்தம் கிழிந்தது. துணியை நடுவில் பிடித்துக் கிழித்தமாதிரி, கரகரவென்று, அடித்தொண்டையில் உறுமிக்கொண்டு வந்தது. போச்சு, எல்லாம் போச்சு! ஸ்டூல் ஒரு பக்கம் விழ அவள் பாய்ந்து ஸ்விட்சில் கை வைத்தாள். தங்கை கத்தினாள்.

“அக்கா, தொடாதே! கெட்டுப்போகலக்கா! வால்வு திணறினாத்தான் இந்தச் சத்தம் வரும். இதுக்குத்தானேக்கா உன்னைக் கட்டச் சொன்னேன்!”

நாற்காலிகள் பின்னால் நகர, ஆட்கள் எழுந்து நிற்பது தெரிந்தது. அவள் ஸ்விட்சிலிருந்து கையை எடுத்தாள். ஆம்ப்பின் தலையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்; சூடாக, முழுப்பெட்டியும் அதிர்ந்துகொண்டிருந்தது. தன் கையால் செய்த ஒன்று கோணலும் மாணலுமாகக் கத்துவதைக் கேட்டுக்கொண்டு, இருபத்து மூன்று வருடத்தில் முதல் தடவையாக, அதைச் சரிசெய்யாமல் சும்மா நின்றாள்.

சும்மா நின்றாள் என்று சொன்னால் அது பொய். ஆடினாள். வேன்காரரே சாட்சி.