கை போகாத மூலை

மகளுக்கு ஆண் குழந்தை பிறந்ததும் நான் செய்த முதல் வேலை, தெருமுனை வெல்டரிடம் இரும்புத் தொட்டில் ஒன்று செய்யச் சொன்னதுதான். வெள்ளை பெயின்ட், உருண்டைக் கால்கள், சும்மா ஊதினாலே ஆடும். பேரனைப் பார்க்க வந்தவர்களையெல்லாம் இழுத்துப்போய்த் தொட்டிலையும் காட்டினேன். மகள் மட்டும் குழந்தையை அதில் போடவில்லை.

மடியிலேயே வைத்திருந்தாள். சாப்பிடும்போதும் மடி, சுவரில் சாய்ந்து தூங்கும்போதும் மடி. கண்ணுக்குக் கீழே கருத்துவிட்டது.

அவள் வேலையைப் பற்றி எனக்கு இப்படித்தான் சொல்லத் தெரியும்: இரண்டு இரும்பைப் பற்றவைத்தால் அந்த ஒட்டு எவ்வளவு பாரத்தில் பிய்யும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுவது. ஒட்டின் நீளம், தடிமன், பாரம் எந்தப் பக்கம் இழுக்கிறது, எல்லாம் அதில் வரும். கடைக்கு அனுப்பினால் என்ன வாங்க வந்தோம் என்பதையே மறந்துவிடுகிற பெண்ணுக்கு இந்தக் கணக்கா என்று கேலி செய்வேன்.

போன வருஷம் ஒரு தொழிற்சாலையில், அவள் வரைந்து கொடுத்த மேடை சரிந்தது. மேலே நின்ற பெயின்டர் செத்துப்போனார். விசாரித்தவர்கள் அவள் கணக்கில் பிழை இல்லை என்றார்கள். மேடையைத் தாங்கும் தகட்டை இரண்டு பக்கமும் பற்றவைக்கச் சொல்லிப் படத்தில் போட்டிருந்தாள். ஆனால் ஒரு பக்கம் சுவரை ஒட்டிய மூலை. அங்கே மனுஷன் கை போகவே போகாது. அந்தத் தொழிற்சாலை வெல்டர் ஒரு பக்கம் மட்டும் பற்றவைத்து, மறுபக்கத்தில் சந்து அடைக்கும் பட்டி மாவை அப்பிப் பெயின்ட் அடித்துவிட்டார். பாரம் ஏறியதும் தகடு கதவுக் கீல் மாதிரி திறந்துகொண்டது.

அன்றிலிருந்து எந்த இரும்பைக் கண்டாலும் இவள் விரல் அதன் பின்பக்கம் போகும். பஸ் கைப்பிடி, மாடிப்படிக் கம்பி. பிரசவ வலியிலும் கட்டிலுக்கு அடியில் தடவிக்கொண்டிருந்தாள் என்று நர்ஸ் சொன்னார்.

ஒரு காலையில் பொறுக்க முடியாமல் கேட்டேன். "புள்ள மூணு கிலோம்மா. அதுல நானே படுத்தாலும் தாங்கும்."

"கணக்குப் போட்டுப் பாத்துட்டேம்பா. நீங்களும் அம்மாவும் சேந்து படுத்தாக்கூடத் தாங்கும்."

"உங்கம்மாவ சேக்காத. கணக்கு மாறிடும்."

அடுப்படியில் கரண்டி டங்கென்று விழுந்தது. மகள் சிரிக்கவில்லை.

"அப்புறம் என்ன? போடேன்."

"அன்னிக்கும் கணக்கு சரியாத்தாம்பா இருந்துச்சு."

கத்தியை எடுத்து வந்து தொட்டிலின் மூலைகளைச் சுரண்டினேன். மூன்றில் பெயின்டுக்கு அடியில் இரும்பு மின்னியது. நாலாவதில், நெருக்கி வைத்த இரண்டு தகடுகளுக்கு நடுவே, கத்தி பொதுக்கென்று உள்ளே இறங்கியது. பட்டி மாவு மாவாகக் கொட்டியது.

மகள் குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

வெல்டரைக் கையோடு கூட்டிவந்தேன். பார்த்ததும் தலையைச் சொறிந்தார்.

"கை போகலம்மா. பச்சப்புள்ளதானே, ஒரு பக்கமே போதும்னு விட்டுட்டேன்."

"ஏண்ணா சொல்லல?"

"சொன்னா, வேல தெரியாதவன்னு உங்கப்பா குதிப்பாரு."

"நானா?"

"வேற யாரு? ஒரு நட்டு கோணலா இருந்ததுக்கே தெருவக் கூட்டுனீங்களே."

மகள் எங்களைக் கவனிக்கவில்லை. அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குழந்தையை என்னிடம் நீட்டினாள்.

"கிளவுஸ மாட்டிக்கிட்டு வெல்டிங் ராடு பிடிக்கிற மாதிரி கைய வைங்கண்ணா."

டேப்பை வைத்து அந்தக் கையை அளந்தாள். "ரெண்டு தகட்டுக்கும் நடுவுல இவ்வளவு விடுங்க."

வெட்டி, தள்ளிவைத்து, இரண்டு பக்கமும் பற்றவைத்தார். பெயின்ட் டப்பாவைத் திறக்கப்போனவரை அவள் தடுத்தாள்.

"வேணாண்ணா. கண்ணுக்குத் தெரியட்டும்."

இப்போது பேரன் அதில்தான் தூங்குகிறான், உதட்டைச் சப்பிக்கொண்டு, ராஜா மாதிரி. பக்கத்திலேயே மகள். தொட்டில் கிரீச்சென்றால் அவள் மூச்சு நின்றுவிடுகிறது. அது திரும்பி ஆடி வந்து இன்னொரு தரம் கிரீச்சென்ற பிறகுதான் மூச்சு விடுகிறாள்.

அடுத்த அறையில் படுத்திருக்கும் நானும் அப்படித்தான்.