ஷட்டர் போட்ட வீட்டின் வரி

மாநகராட்சியிலிருந்து வந்த வரி நோட்டீசை நான் மூன்று தடவை படித்தேன். முதல் தடவை தொகையை மட்டும் பார்த்தேன். இரண்டாவது தடவை, இது எங்கள் வீட்டுக்குத்தானா என்று கதவு எண்ணைப் பார்த்தேன். மூன்றாவது தடவைதான் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தேன். பரப்பு, கட்டடத்தின் வகை, பயன்பாடு என்று வரிசையாகக் கட்டங்கள். பயன்பாடு என்ற கட்டத்தில் வீட்டின் மற்ற பகுதிக்கெல்லாம் 'குடியிருப்பு' என்று போட்டுவிட்டு, முன்னறைக்கு மட்டும் 'வணிகம்' என்று போட்டிருந்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

மிஷன் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் முப்பது வருடம் கிளார்க்காக இருந்தவள் நான். ஒரு பிள்ளையின் பிறந்த தேதியில் ஒரு நாள் தப்பாக இருந்தாலும் டி.சி.யைக் கையெழுத்துக்கு அனுப்ப மாட்டேன். அப்படிப்பட்டவளின் வீட்டுக்கே தப்பான காகிதம் வந்தால் சும்மா இருக்க முடியுமா? வரி கட்ட மாட்டேன் என்றில்லை. காலையில் குப்பை வண்டி வருகிறது, தெருவிளக்கு எரிகிறது, சாக்கடையைக்கூட வருடத்துக்கு ஒரு தடவையாவது தோண்டுகிறார்கள். அதற்கெல்லாம் பணம் வேண்டும். கட்ட வேண்டியதைக் கட்டுவேன். கட்ட வேண்டாததைக் கட்ட மாட்டேன். அவ்வளவுதான் என் கட்சி.

எங்கள் வீடு திருப்பரங்குன்றம் போகும் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. கட்டும்போது அது ஊராட்சி. தீர்வை என்று ஏதோ ஒரு சின்னத் தொகையை வருடத்துக்கு ஒரு தடவை கட்டிவிட்டு வருவோம். யாரும் எதையும் அளக்கவில்லை, நாங்களும் எதையும் கேட்கவில்லை. பிறகு எங்கள் பகுதி மாநகராட்சியோடு சேர்ந்தது. அரையாண்டுக்கு ஒரு தடவை வரி, சதுர அடிக்கு இவ்வளவு என்று கணக்கு, வீட்டுக்கு ஒரு விகிதம், கடைக்கு அதைவிடக் கூடுதலாக ஒரு விகிதம் என்று எல்லாம் முறைக்கு வந்தது. எங்கள் முன்னறைக்கும் நடுவறைக்கும் ஒரே கூரைதான். ஒரே மழைக்கு இரண்டும் ஒழுகும். ஆனால் நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை.

காரணம் முன்னறையில் இருக்கும் ஷட்டர். எங்கள் பக்கத்தில் வீடு கட்டினால் கொத்தனார் ஒரு கேள்வி கேட்பார். "முன்னாடி ஒரு ஷட்டர் போட்டு வச்சுருவமா? நாளப்பின்ன ஒதவும்ல." அதற்கு வேண்டாம் என்று சொன்ன மனிதரை நான் இதுவரை பார்க்கவில்லை. எங்கள் தெருவில் பதினான்கு வீடு, பதினோரு ஷட்டர். கடை என்று நடப்பது முக்கில் இருக்கும் பால் கடை ஒன்றுதான். மற்றவற்றுக்குள் ஸ்கூட்டர் நிற்கிறது, அரிசி மூட்டை இருக்கிறது, ஒரு வீட்டில் மாமியார் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறார். அளக்க வந்தவர் தெருவில் நின்று பார்த்திருப்பார். ஷட்டர் மூடியிருந்தால் கடைக்கு இன்றைக்கு லீவு என்று நினைத்திருப்பார் போல.

இதில் கொடுமை என்னவென்றால், தெருவில் பாதிப் பேருக்கு இது சந்தோஷம். எதிர் வீட்டில் வாழை இலை வியாபாரம் செய்பவர் நோட்டீசோடு வந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர்.

"அக்கா, நம்ம வீட்டக் கமர்சியல்னு போட்டுட்டாங்க. பாத்தீகளா?"

"எங்களுக்கும்தான் போட்டிருக்கு தம்பி. தப்பு அது. எழுதிக் கொடுத்து மாத்தணும்."

"எதுக்குக்கா மாத்தணும்? கவர்மெண்டே கடைன்னு சொல்லிருச்சுன்னா எடத்துக்கு எம்புட்டு மதிப்பு கூடும்! நாளைக்கு விக்கிறப்ப காமிக்கலாம்ல."

விற்பதற்கு அவருக்கு எண்ணமே கிடையாது. அவர் மகனுக்கும் கிடையாது. விற்காத வீட்டின் மதிப்புக்காக வருடத்துக்கு இரண்டு தடவை கூடுதலாக வரி கட்ட அவர் தயாராக இருந்தார். நான் டீ போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

எங்கள் வீட்டு ஷட்டருக்கு மட்டும் ஒரு நிஜக் காரணம் உண்டு. என் வீட்டுக்காரர் செல்லூரில் விசைத்தறிக் கூடங்களில் பிட்டராக வேலை பார்த்தவர். நின்றுபோன தறியை ஓட வைப்பதுதான் வேலை. சம்பளம் வாங்கிக்கொண்டு அடுத்தவர் மிஷினைச் சரிசெய்தது போதும், ஓய்வுக்குப் பிறகு வீட்டு வாசலிலேயே மிக்ஸி, கிரைண்டர், பேன் ரிப்பேர் கடை போட வேண்டும் என்பது அவர் ஆசை. வீட்டுக் கடன் என் சம்பளத்தில் வாங்கியதால் பத்திரமும் வரியும் என் பெயரில். அந்த ஒரு ஷட்டரை மட்டும் அவர் தன் பணத்தில் போட்டார்.

கடை திறக்கவில்லை. ஒதுக்கி வைத்த பணம் முதலில் மகளின் படிப்புக்குப் போனது, பிறகு கல்யாணத்துக்குப் போனது. ஒவ்வொரு தை மாதமும் "இந்த வருசம் தெறந்துரணும்" என்பார். நானும் கிண்டலுக்குக் "கடைக்காரரே, சாப்பிட வாங்க" என்று கூப்பிடுவேன். போன வருடம் அவர் வலது கையில் நடுக்கம் வந்தது. டம்ளரில் காபியை முக்கால்வாசிதான் ஊற்றிக் கொடுக்கிறேன். அதற்குப் பிறகு அந்தக் கிண்டலை நிறுத்திவிட்டேன்.

மறுநாளே தையல் டேப்பை எடுத்து வீட்டை அளந்தேன். அவர் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, நான் மறுமுனையில் நின்று நோட்டில் எழுதினேன். பரப்பு சரியாகத்தான் இருந்தது. தப்பு பயன்பாட்டில் மட்டும்தான். அதை எழுதி எடுத்துக்கொண்டு மண்டல அலுவலகத்துக்குப் பஸ் ஏறினேன்.

முதல் நாள், வீட்டுக்கான மின் இணைப்புதான் என்பதற்கு கரண்டு கார்டு வேண்டும் என்றார்கள். இரண்டாவது நாள் கார்டோடு போனால் முன்னறையின் போட்டோ வேண்டும் என்றார்கள். முதல் நாளே இரண்டையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாமே என்று சத்தமாகவே கேட்டேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். வெளியே வந்தபோது வேப்பமரத்தடியில் நின்ற ஒருவர் பைலை இடுக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"அம்மா, எதுக்கு வெயில்ல அலையிறீக? எங்கிட்டக் குடுங்க, ரெண்டு நாள்ல முடிச்சுத் தாரேன்."

"என் வீட்டப் பத்தி உங்களுக்கு என்னய்யா தெரியும்?" என்று கேட்டேன். அவர் வேறு ஆளைத் தேடிப் போய்விட்டார்.

மூன்றாவது நாள் கவுண்டரில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். பொறுமையான பெண். எல்லாக் காகிதத்தையும் பார்த்து, வரிசைப்படி அடுக்கி, குண்டூசி குத்தினாள். பிறகு சொன்னாள்.

"அம்மா, இன்னும் ஒண்ணே ஒண்ணு. இன்ஸ்பெக்சனுக்கு சார் வருவாங்க. அப்ப நீங்க ஒரு லெட்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். இங்க கடை நடத்தல, இனிமேயும் நடத்துற உத்தேசம் இல்லைன்னு."

சரிம்மா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கடை நடத்தவில்லை என்பது உண்மை. அதை எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன். இனிமேலும் நடத்தப்போவதில்லை என்று எழுத நான் யார்? அந்த அறை என் பெயரில் இருக்கலாம். அதற்குள் இருப்பது அவருடையது. எழுதாவிட்டால் நடக்காத கடைக்கு ஆயுள் முழுக்க வரி கட்ட வேண்டும். எழுதினால் அவர் கடையை நானே இழுத்து மூடியதாக ஆகும். இரண்டு நாள் அவரிடம் சொல்லவில்லை. நோட்டீசுக்காக அம்புட்டுச் சத்தம் போட்டவளுக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லை.

நான் சொல்வதற்குள் ஆய்வாளர் வந்துவிட்டார். நடுவயது, நெற்றியில் வேர்வை, கையில் ஒரு டேப்பும் செல்போனும். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு ஷட்டரைத் திறக்கச் சொன்னார். என் வீட்டுக்காரர்தான் திறந்தார். துருப்பிடித்ததில் அது பாதியில் மாட்டிக்கொண்டது. கை நடுங்க நடுங்கத் தூக்கினார். நான் உதவிக்குப் போனதற்கு முறைத்தார், அதனால் பின்வாங்கினேன்.

உள்ளே ஒரு நீள மேஜை. அதன் ஓரத்தில், பாகங்களைக் கவ்விப் பிடிக்கும் இரும்பு வைஸ். சுவர் முழுக்க ஆணி அடித்து ஸ்பேனர்களும் ஸ்குரூ டிரைவர்களும் அளவு வாரியாகத் தொங்கின. எதிலும் தூசி இல்லை. மூலையில் செய்தித்தாள் சுற்றிய பெயர்ப்பலகை ஒன்று சாய்ந்திருந்தது. பேப்பர் கிழிந்த இடத்தில் 'பழுது பார்க்கப்படும்' என்ற எழுத்துகள் தெரிந்தன.

ஆய்வாளர் சுவரைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஏம்மா, இது கடைதானே? மனுவுல கடை இல்லைன்னு எழுதியிருக்கீங்க."

"கடை இல்ல சார். சாமான் போட்டு வச்சிருக்கோம்," என்றேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. அது சாமான் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அவர் என் வீட்டுக்காரரிடம் திரும்பினார். "அய்யா, நீங்க சொல்லுங்க. இங்க தொழில் நடக்குதா?"

"நடக்கல சார். ஒரு நாளும் நடக்கல."

"இனிமே நடத்தப் போறீங்களா?"

எதிர் வீட்டுக்காரர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார்.

"இல்ல சார்," என்றார்.

"அப்ப அத எழுதிக் குடுத்துருங்க. நான் மாத்திவிட்டுர்றேன்."

நான் அந்த மேஜையிலேயே உட்கார்ந்து எழுதினேன். பெறுநர், பொருள், வரிவிதிப்பு எண் எல்லாம் தானாக ஓடி வந்தது. 'மேற்படி அறையில் எவ்விதக் கடையும் நடத்தப்படவில்லை' என்பதும் வந்தது. அடுத்த வரியில் பேனா நின்றது. முப்பது வருடத்தில் மனு எழுதும்போது என் பேனா நின்றதில்லை.

அவர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். "என்ன யோசிக்கிற? கடை நடத்துற உத்தேசமும் இல்லைன்னு எழுது," என்றார். பிறகு குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "தற்போதுன்னு எல்லாம் போடாத. அப்புறம் திரும்பத் திரும்ப வந்து நிப்பாங்க. ஒன்னாலயும் அலைய முடியாது," என்றார்.

தன் கடையைவிட என் அலைச்சலை அவர் பெரிதாக நினைத்தது எனக்குத் தாங்கவில்லை, கோபமாகவும் வந்தது. யாரிடம் அந்தக் கோபம் என்று தெரியவில்லை. எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டு ஆய்வாளரிடம் கொடுத்தேன். அவர் படித்தார். ஒரு இடத்தில் நின்று என்னை ஏறிட்டுப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். மடித்து பைலில் வைத்துக்கொண்டு, ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று செல்போனில் படம் பிடிக்கவிட்டார்.

திருத்திய நோட்டீஸ் வர ஒரு மாதம் ஆனது. எல்லா அறைக்கும் குடியிருப்பு. கெடு முடிவதற்கு முன்பே போய் வரிசையில் நின்று, முழுத் தொகையையும் கட்டி ரசீது வாங்கினேன். போகிற வழியில் என் கடிதத்தின் படத்தையும் பிரிண்ட் போட்டுக்கொண்டேன். எங்கள் வீட்டில் பைல் போடுவது மட்டும் அவர் வேலை. அன்று மதியம் துளை போடும் கருவியை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு காகிதமாகப் படித்தார். கடிதத்துக்கு வந்ததும் நிறுத்தினார்.

"தற்போதுன்னு போட்டிருக்க."

"ஆமா."

"போடாதன்னு சொன்னேன்ல? அடுத்த தடவ அளக்க வாரப்ப இதக் காமிச்சுத் திரும்பக் கடைன்னு எழுதிருவாங்க."

"எழுதட்டும். திரும்பப் போறேன். அந்த ஆபீஸுல எந்தச் சேரு ஆடும்னு வரைக்கும் எனக்குத் தெரியும்."

அவர் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். காகிதம் நடுங்கியது.

"சரி. ஒருவேள நெசமாவே கடை தெறந்துட்டா?"

"அப்பக் கடைன்னே கட்டுவோம்," என்றேன். "ஒரு ரூவா கொறைக்காம."