அப்பா முதல்முறை செத்த நாள்

அப்பா முதல்முறை செத்தபோது எனக்கு எட்டு வயது. இரண்டாம்முறை, உண்மையாகவே செத்தது இந்த வருடம் மாசியில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், யாருக்கும் கரைச்சல் கொடுக்காமல். முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கும் நினைவு மலருக்கு என்னிடம் இரண்டு பக்கம் கேட்டார்கள். அப்பாவின் தக்காளிச் செடிகளைப் பற்றியும், அவர் மழையிலும் விடாத சைக்கிளைப் பற்றியும் எழுதிக் கொடுத்தேன். அட்டையில் ‘பாசமிகு தந்தை, உற்ற நண்பர்’ என்று அவர்களாகவே போட்டிருந்தார்கள். உற்ற நண்பர் என்பதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். யாருக்கு நண்பர் என்று அந்த மலரில் ஒரு வரிகூட இல்லை. அதைச் சொல்லப்போனால் முதல்முறை செத்த கதையையும் சொல்ல வேண்டி வரும்.

அப்போது நாங்கள் ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் நாலாம் மாடியில் குடியிருந்தோம். அப்பா ஒரு ஹோட்டல் குசினியில் பாத்திரம் கழுவினார். அம்மாவின் ஜெர்மன் ‘குட்டன் மோர்கன்’ தாண்டவில்லை. அப்பாவுக்குக் குசினி ஜெர்மன் மட்டும் வரும். தம்பிக்கு எந்த மொழியும் வராது, அவன் அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தான். ஆகவே வீட்டுக்கு வெளியுறவு அமைச்சர் நான்தான். டொக்டரிடம் போனாலும், அகதி அலுவலகத்துக்குப் போனாலும் முன்னால் நிற்பது நான். “இவளின்ர வாய் இல்லாட்டி எங்கட பாடு இஞ்சை அதோகதிதான்” என்று அம்மா வந்தவர் போனவருக்கெல்லாம் சொல்லுவார். என் தலை எவ்வளவு கனத்திருக்கும் என்று நீங்களே பாருங்கள்.

சித்தப்பா என்று நான் கூப்பிட்டவர் அப்பாவின் தம்பி அல்ல. சொந்த ஊரும் வேறு. இருவரும் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் ஒரே பிளேனில் வந்திறங்கி, அகதி முகாமில் ஒரே அறையில் ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிட்டவர்கள். ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். மகளுக்கு என் வயது. ஊருக்குச் சப்பாத்து அனுப்புவதென்றால் முதலில் என் காலில் போட்டுப் பார்ப்பார். “கொஞ்சம் நடந்து காட்டு ராசாத்தி, கடிக்குதோ?” நடந்து காட்டிவிட்டுக் கழற்றிக் கொடுக்கும்போது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும். அதைக் கண்டுவிட்டு அடுத்த மாதம் எனக்கும் அதேபோல ஒரு சோடி கொண்டுவந்தார். நாங்கள் இருவரும் இரட்டைப் பிள்ளைகளாம். ஒன்று இங்கே, ஒன்று அங்கேயாம்.

அன்று வெள்ளிக்கிழமை, பள்ளி விடுமுறை. அம்மா புட்டு அவித்துக்கொண்டிருந்தார். மணி அடித்தது, கதவைத் திறந்தேன். வயதான ஒரு பொலிஸ்காரரும் இளம் பொலிஸ்காரி ஒருத்தியும் நின்றார்கள். வீட்டில் வேறு பெரியவர்கள் இல்லையா என்று அவர் என்னிடம் கேட்டார். அம்மா இருக்கிறா, ஆனால் எதுவாக இருந்தாலும் என்னிடம்தான் சொல்ல வேண்டும், நான்தான் எல்லாவற்றையும் மொழிபெயர்ப்பது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவர் பொலிஸ்காரியைப் பார்த்தார். அவள் நிலத்தைப் பார்த்தாள். அம்மா ஈரக் கையோடு வந்து, “என்னவாம் கேள், என்னவாம் கேள்” என்று என் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தார். வேறு வழியில்லாமல் அந்த மனிதர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மெதுவாக, துண்டு துண்டாகச் சொன்னார். நானும் வழக்கம்போலத் துண்டு துண்டாகவே தமிழில் சொன்னேன்.

“அப்பா வேலையிலை மயங்கி விழுந்தவராம். டொக்டர் வந்தவராம். காப்பாத்த ஏலாமல் போச்சாம்.”

கடைசிச் சொல் வாயை விட்டுப் போன பிறகுதான் அது என் காதுக்கே வந்து சேர்ந்தது. அதுவரைக்கும் அது எனக்கு வேலை. அம்மா, “என்னடி விசர்க் கதை கதைக்கிறாய், வடிவாக் கேள்!” என்று என்னை உலுக்கினார். வடிவாகத்தான் கேட்டேன். அம்மா பொலிஸ்காரரின் கையிலிருந்த தொப்பியைப் பார்த்தார். பிறகு போட்ட சத்தம் நாலு மாடிக்கும் கேட்டிருக்கும். ஜெர்மன்காரருக்கு அது மதிய ஓய்வு நேரம். கீழ்வீட்டுக் கிழவி சண்டை பிடிக்கவென்று ஏறி வந்தவள், அம்மா நிலத்தில் கிடந்து மாரில் அடிப்பதைக் கண்டு, அப்படியே பக்கத்தில் குந்திவிட்டாள்.

பின்னேரத்துக்குள் சுற்றுவட்டாரத் தமிழ்ச் சனம் முழுக்க வந்துவிட்டது. மாடிப்படி எங்கும் சப்பாத்து. பெண்கள் அம்மாவைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். பாரிசுக்கும் லண்டனுக்கும் ரெலிபோன் பறந்தது. பிரேதத்தைப் பார்க்கத் திங்கட்கிழமைதான் டெர்மின், அதற்கென்று குறித்த நேரம், என்று பொலிஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தது. “செத்த மனுசனைப் பாக்கவும் டெர்மின் எடுக்கோணுமோ, இதென்ன நாடு!” என்று ஒரு மாமி மூக்கைச் சிந்தினார். என்னை யாரும் கவனிக்கவில்லை. நான் சொன்னதால்தான் அப்பா செத்தார் என்று எனக்குப்பட்டது. சொல்லாமல் கதவைச் சாத்தியிருந்தால் அவர் இரவு வழக்கம்போல வந்திருப்பார்.

வழக்கம்போலவே வந்தார். தலைமுடி, மீசை, முகம், சட்டை எல்லாம் வெள்ளையாக, வாசலில் நின்று, சப்பாத்துக் கூட்டத்தைப் பார்த்துவிட்டுப் பதறிப்போய்க் கேட்டார்:

“ஐயோ, ஆர் செத்தது?”

வாசலோரம் இருந்த மாமி நிமிர்ந்து பார்த்தார். “பேய்! பேய்!” என்று கத்திக்கொண்டு கீழ்வீட்டுக் கிழவியின் மடியில் போய் விழுந்தார். நான் ஓடிப்போய் அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். சூடாக இருந்தார். பெயின்ற் மணத்தது. அம்மா எழுந்து வந்து, இரண்டு கையாலும் அவர் நெஞ்சில் குத்து குத்தென்று குத்தினார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. “தலைக்கு வந்தது தலைப்பாகையோடை போச்சு!” என்று யாரோ கூவ, செத்த வீடு ஒரு நிமிடத்தில் கலியாண வீடாகிவிட்டது. நான்தான் முந்திக்கொண்டு அப்பாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். பொலிஸ் வந்தது, ஹோட்டலில் பாத்திரம் கழுவும்போது நீங்கள் விழுந்துவிட்டீர்களாம், சட்டைப்பையில் உங்கள் அடையாள அட்டை இருந்ததாம்.

பெயின்ற்றுக்கு உள்ளே அப்பாவின் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன். அவர் அப்படியே சப்பாத்துகளுக்கு நடுவில் இருந்துவிட்டார்.

“ஐயோ மச்சான்… என்ர மச்சான்…”

அப்போதுதான் அம்மாவுக்கே விசயம் தெரிந்தது. சித்தப்பாவின் அகதி விண்ணப்பம் தள்ளுபடியாகி, அவருக்கு வேலை செய்யும் உரிமை இல்லாமல் போயிருந்தது. அப்பா தன் அட்டையைக் கொடுத்து, தன் வேலையைப் பாதியாகப் பிரித்திருக்கிறார். வாரத்தில் பாதி நாள் அப்பா, பாதி நாள் அப்பாவின் பெயரில் சித்தப்பா. அப்பா பனை, சித்தப்பா நெல்லி மரம். ஆனாலும் ஹோட்டல்காரருக்கு இரண்டும் ஒரே கறுப்பு மீசைதான். சித்தப்பாவின் முறை வரும் நாட்களில் அப்பா, குடியிருப்பவர்கள் வீட்டைக் காலி பண்ணும்போது சுவருக்கு வெள்ளை அடித்துக் கொடுக்கப் போவார். பெண்களிடம் சொன்னால் ரெலிபோனில் போய்விடும் என்று அம்மாவுக்கும் மறைத்துவிட்டார்.

கலியாண வீடு மறுபடி செத்த வீடாகியது. ஆனால் இந்த முறை ஒருவரும் பெரிதாக அழவில்லை. அழ வேண்டியவர்கள் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். தமிழ்ச் சங்கத் தலைவர் அப்பாவை அறைக்குள் கூப்பிட்டுப் போனார். அவர் குரலைத் தாழ்த்தத் தெரியாத மனிதர்.

“அண்ணை, நாளைக்குப் பொலிசிலை போய் அட்டையை அவன் களவெடுத்தவன் எண்டு சொல்லுங்கோ. செத்தவனை என்ன செய்யப்போறாங்கள்? நீங்கள் குடுத்தனீங்கள் எண்டு சொன்னால் வேலையும் போகும், விசாவும் போகும். குஞ்சு குருமனோடை ஊருக்கு ஏத்திவிடுவாங்கள்.”

ஊரில் அப்போது குண்டு விழுந்துகொண்டிருந்தது.

“அவன்ர பெண்சாதி பிள்ளைக்கு என்னெண்டு அறிவிக்கிறது?” என்று அப்பா கேட்டார். “கள்ளன் செத்துப்போனான் எண்டோ?”

மறுநாள் காலை அம்மா எனக்குத் தலை இழுத்துவிடும்போது, சீப்பை நிறுத்திவிட்டுக் காதோடு சொன்னார்: “இஞ்சை பார் பிள்ளை, கொப்பர் அங்கை என்ன சொன்னாலும், நீ களவெடுத்தது எண்டு மாத்திச் சொல்லு. விளங்குதோ? தம்பியை நினைச்சுப் பார்.” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொய் சொன்னால் வாயில் மிளகாய்த்தூள் போடும் அம்மா! அப்பா பஸ்ஸில் வைத்து வேறு மாதிரிச் சொன்னார். “நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லோணும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.” நான் இரண்டு பேருக்கும் ஓம் என்றேன்.

பொலிஸ் நிலையத்தில் அதே பொலிஸ்காரர்தான் இருந்தார். அப்பா தன் பெயரைச் சொன்னதும் கதிரையிலிருந்து பாதி எழும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு அப்பா, அம்மா, தம்பி, நான் என்று எங்கள் நாலு பேரையும் இருத்தி, எனக்கு ஒரு மிட்டாய் தந்தார். சனிக்கிழமை மொழிபெயர்ப்பாளர் கிடைக்கமாட்டார், திங்கட்கிழமை வருகிறீர்களா என்று கேட்டார். அதுவரைக்கும் அவன் என் பெயரில் பெட்டிக்குள் கிடக்கக் கூடாது என்றார் அப்பா. செத்தவர் யார், எந்த ஊர், மனைவி பிள்ளையின் பெயர் என்ன என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நானும் சொன்னேன். கடைசியில் அட்டை அவர் கைக்கு எப்படிப் போனது என்று கேள்வி வந்தது.

“நான்தான் குடுத்தனான்” என்றார் அப்பா.

மேசைக்குக் கீழே அம்மாவின் கை வந்து என் தொடையைப் பற்றியது. என் காலில் இருந்தது சித்தப்பா வாங்கித் தந்த சப்பாத்து. அவரைப் போய்க் கள்ளன் என்பதா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா கொடுத்தார் என்று தெளிவான ஜெர்மனில் சொன்னேன்.

அதற்குப் பிறகு வேலை போனது, வழக்கு வந்தது, எந்த நாளும் ஏற்றிவிடலாம் என்று வருடக்கணக்காகப் பெட்டி கட்டியபடியே வைத்திருந்தோம். ஏற்றவில்லை, அது எங்கள் அதிர்ஷ்டம். இன்று நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது. ஒரே கேள்வியை ஒரு அதிகாரி எதற்காகத் திரும்பக் கேட்பார் என்று இப்போது எனக்குத் தெரியும். அன்று தெரியாது.

அந்தப் பொலிஸ்காரர் தட்டச்சு இயந்திரத்திலிருந்து கையை எடுத்தார். அப்பாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், அம்மாவின் மடியில் நித்திரையாகிவிட்ட தம்பியைப் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து, கொடுத்தாரா, அல்லது அந்த நண்பர் கேளாமல் எடுத்தாரா, அப்பாவிடம் நன்றாகக் கேட்டுச் சொல் என்றார். அந்தளவு ஜெர்மன் அப்பாவுக்கும் விளங்கும். ஆனாலும் நான் கேட்டேன். அப்பா அதையே சொன்னார், நானும் அதையே சொன்னேன். அவர் இன்னும் எதையும் அடிக்கவில்லை. சின்னப் பிள்ளைகள் சொல் மாறிச் சொல்வதுண்டு, எடுத்தார் என்றுதானே சொல்ல வந்தாய் என்று மிக மிக மெதுவாகக் கேட்டார். அம்மாவின் நகம் என் தொடையில் ஆழமாக இறங்கியது. ஐயோ பாவம், வயது போன மனுசன், காது மந்தம் போல என்று எண்ணி, நன்றாகக் கேட்கட்டும் என்று நான் எழும்பி நின்று கத்திச் சொன்னேன்: “இல்லை! அப்பாதான் குடுத்தவர்!”