தவமலர் மாற்றாத பக்கம்

கள்ளக்குறிச்சி கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துக் காட்டுவது தவமலருக்கு வேலை. அங்கே சேலை எடுக்க வருகிறவர்களிடம் "இன்னா கலரு பாக்கிறீங்க?" என்பாள். அகதி முகாமுக்குத் திரும்பியதும் பேச்சு யாழ்ப்பாணத் தமிழுக்குப் போய்விடும். பதினைந்து வயதில் படகேறி வந்தவள். எதிர்வீட்டுக் கமலா அதே ஊர், அதே படகு.

ஊரில் மாதாமாதம் கதை வாசிப்புக் கூட்டம் நடத்துகிற இளஞ்செழியன், போர்க்கதைகளைத் தொகுத்துப் புத்தகம் போடப்போவதாகச் சொல்லி அவளிடம் ஒரு கதை கேட்டார். எழுதிக் கொடுத்தாள்.

கதையில் இரண்டு நண்பர்கள். ஒரே பள்ளிக்கூடம், ஒரே சைக்கிள். வெவ்வேறு போராளி இயக்கங்களில் சேர்கிறார்கள். இயக்கங்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டபோது ஒருவன் மற்றவனைச் சுட்டுவிடுகிறான். நிஜத்தில் செத்தது தவமலரின் அண்ணன். சுட்டது கமலாவின் அண்ணன்; அடுத்த வருடம் அவனும் செத்தான். இத்தனை காலமும் அதைப் பேசாமலேதான் இருவரும் சிநேகிதிகளாக இருந்தார்கள்.

இளஞ்செழியன் கடைக்கே வந்தார்.

"கதை நல்லாகீதுக்கா. கடைசிப் பக்கம் மட்டும் வாணாங்க. ஆர்மிக்காரன் சுட்டான்னு மாத்திக்கலாம். நம்மாளே நம்மாள சுட்டான்னா இங்க யாருக்கும் புடிக்காது."

"ஆர்மி சுட்டதையும் எழுதியிருக்கிறன், தம்பி. அது என்ர அப்பாவை. அண்ணாவைச் சுட்டது எங்கட வீட்டில புட்டு திண்ட பொடியன். அதை எப்படி மாத்துறது?"

"அப்போ தொகுப்புல வராதுங்க."

"வராட்டிப் போகட்டும்."

அன்று மாலை கமலா வாசலுக்கு வந்தாள். கதையைப் பற்றி யாரோ சொல்லியிருந்தார்கள்.

"பேரை மாத்திப்போட்டாய். முகம் மாறுமோ? முகாமில ஒவ்வொருத்தருக்கும் தெரியும்."

"தெரியட்டும். எனக்கும் உனக்கும் தெரிஞ்சதுதானே."

"இனி என்னோட கதையாதை" என்று பேச்சை முறித்துக்கொண்டு கமலா போய்விட்டாள். விஷயம் கேள்விப்பட்டு, கனடாவிலிருந்து தவமலரின் தம்பி போன் செய்து, இறந்தவர்களை இழுத்து இயக்கங்களின் பேரைக் கெடுக்கிறாயா என்று கத்தினான். முடியும்வரை கேட்டுவிட்டு, "எங்கட அண்ணாவுக்குப் பேர் இல்லையோ?" என்றாள். அவன் போனை வைத்துவிட்டான். அன்று அவள் சமைக்கவில்லை.

அவள் கதை இல்லாத அந்தத் தொகுப்பின் வெளியீட்டுக்கு முகாமிலிருந்து பலர் வந்திருந்தார்கள். எல்லோரும் பேசி முடித்ததும் தவமலர் மேடையேறி, "நான் என்ர கதையை வாசிக்கப்போறன்" என்றாள். இளஞ்செழியன் மைக்கை நிறுத்தக் கை நீட்டி, பிறகு கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அவள் வாசித்தாள். நடுவில் சிலர் எழுந்து போனார்கள். கடைசிப் பக்கத்திலும் ஒரு வரியை விடவில்லை.

பின்வரிசையில் கமலா எழுந்து நின்றாள்.

"சுட்டது என்ர அண்ணா. உண்மைதான். அவனை அனுப்பினது ஆரெண்டு ஏன் எழுதேல்லை? அதுக்குப் பயமோ?"

"எழுதுறன்" என்றாள் தவமலர்.

முகாமுக்கு இருவரும் ஒரே பஸ்ஸில் திரும்பினார்கள், தள்ளித் தள்ளி உட்கார்ந்து.

இப்போது மதிய இடைவேளையில் கடை மாடியில் உட்கார்ந்து, அவனை அனுப்பியது யார் என்கிற அந்தக் கதையை எழுதுகிறாள். யார் போடுவார்கள் என்று தெரியாது. போன ஞாயிற்றுக்கிழமை கமலா வந்தாள். உள்ளே வரவில்லை. சுட்டுவிட்டு வந்த அண்ணன் மூன்று நாள் சோறு இறங்காமல் கிணற்றடியில் கிடந்ததையும், நான்காம் நாள் இயக்கப் பொறுப்பாளர் வந்து அவனை மறுபடி கூட்டிப்போனதையும் நின்றபடியே சொன்னாள்.

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

"வேண்டாம். நீ எழுது" என்று கமலா திரும்பி நடந்தாள்.