காசு வாங்காத பூ

அன்னம்மாளின் வாய்க்கு பெங்களூர் விவேக் நகரே பயப்படும். குழந்தை இயேசு கோயில் தெருமுனையில் பூக்கூடையோடு உட்கார்ந்தால், போகிறவள் வருகிறவள் ஒருத்தியையும் விடமாட்டாள். "ஏண்டி, நான் அளந்த முழத்தையே திரும்ப அளக்கிறியா? எங்கிட்டயேவா?" என்பாள். ஆனால் ஒரு பூவுக்கு மட்டும் அவள் காசு வாங்கியதே இல்லை. பிள்ளைக்குப் பால் மறக்கடிக்கிற பெண்கள் மார்பில் வைத்துக் கட்டிக்கொள்ள உதிரி மல்லிகை கேட்டு வருவார்கள். இலையில் அள்ளிப் போட்டு, "வாடினதும் மாத்தி வை. ரெண்டு மூணு நாள்ல வத்திடும்" என்று அனுப்புவாள். அதில் அவளுக்கு ஒரு பெருமை. பெருமை என்ன பெருமை, கர்வம்தான்.

வித்யாலட்சுமியும் அப்படித்தான் வந்தாள். சேலத்துப் பெண், முப்பது வயது. எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகிற கம்பெனி பஸ்ஸுக்காக தினமும் அந்தக் கூடைப் பக்கத்தில்தான் நிற்பாள். மகன் கவினுக்கு ஒரு வயது முடிந்ததும் பூ வாங்கிப் போனாள். சொன்னபடியே பால் வற்றியது. "உங்க கை ராசிதான்க்கா" என்று அவள் சொன்னதை அன்னம்மாள் தெரு முழுக்கச் சொல்லித் தீர்த்தாள்.

அரை வருஷம் கழித்து, தொண்ணூற்றொன்பது மே மாதம், வித்யா மறுபடி வந்தாள்.

"அக்கா, திரும்பப் பால் கட்டிக்கிச்சு போல. இடது பக்கம் மட்டும் கனமா, சூடா இருக்கு. கொஞ்சம் பாக்கறீங்களா?"

பக்கத்து மெழுகுவர்த்திக் கடைத் திரைக்குப் பின்னால் நிற்கவைத்துப் பார்த்தாள். மார்பு சிவந்து, தோல் ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாகக் குழிந்திருந்தது. காம்பு உள்ளே இழுத்திருந்தது. அழுத்திப் பார்த்தாள், கட்டி எதுவும் தட்டுப்படவில்லை. கட்டி இருந்தால்தான் பயம் என்று யாரோ எப்போதோ சொல்லியிருந்தார்கள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த வைத்தியம்.

"கட்டி கிட்டி ஒண்ணும் இல்ல. இந்த வயசுல என்ன வந்துடப் போவுது? சும்மா பேஜார் பண்ணிக்காத. பூ வச்சுக் கட்டு."

"டாக்டர்கிட்ட காட்டட்டுமாக்கா?"

"ஆம்பள டாக்டர்கிட்ட மாரைத் திறந்து காட்டப் போறியா? லீவு வேற போடணும்."

வித்யா சிரித்துவிட்டு பஸ் ஏறினாள்.

அடங்கவில்லை. மறுவாரமும் பூ, அதற்கடுத்த வாரமும் பூ. பால் நின்று ஆறு மாதம் ஆன மார்பில் பால் எப்படிக் கட்டும்? ஊரையே கேள்வி கேட்கிற அந்த வாய்க்கு இந்த ஒரு கேள்வி வரவில்லையே! பூ பத்தவில்லை என்று நினைத்து இன்னொரு பிடி சேர்த்துப் போட்டாள்.

அக்குளில் நெறி கட்டிய பிறகுதான் புருஷன் சந்தானம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். சதை எடுத்துச் சோதித்தார்கள். கட்டியே இல்லாமல் வருகிற புற்றுநோய் இது, பார்க்கப் பால் கட்டின மாதிரியே இருக்கும், சின்ன வயசுக்காரிகளுக்கும் வரும், வாரக் கணக்கில் பரவும் என்று டாக்டர் சொன்னாராம். அந்த டாக்டர் பெண்தான்.

மருந்து ஏற்றி முடி கொட்டிய தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வித்யா ஒருமுறை வந்தாள். தலைக்குப் பூ கேட்கவில்லை, சாமி படத்துக்கு மட்டும் கேட்டாள். அன்னம்மாளுக்கு அழுகை முட்டியது. "நீங்க என்னக்கா பண்ணுவீங்க? நல்லதுக்குத்தானே சொன்னீங்க" என்று வித்யாதான் தேற்றினாள். அடுத்த வருஷ மழைக்காலத்தில் அவள் இல்லை.

சில வருஷம் கழித்து, கைப்பிள்ளைக்காரி சிந்து உதிரிப்பூ கேட்டு வந்தாள். ஒரு பக்கம் சிவந்து கொதிக்கிறதாம்.

"பூ இல்ல."

"கூடை நிறைய வச்சுக்கிட்டு இல்லங்கிறீங்க?"

"மொதல்ல ஆஸ்பத்திரில காட்டு. மாத்திரை சாப்பிட்டும் ஒரு வாரத்துல அடங்கலைன்னா விடாத, சோதிச்சுப் பாக்கச் சொல்லு. அப்புறம் வா, கூடையையே தரேன்."

சிந்துவுக்கு வெறும் பால்கட்டுதான். மாத்திரையிலேயே சரியாகிவிட்டது. நேரே வந்து நடுத்தெருவில் நின்று கத்தினாள்: "பயத்துல எனக்கு உசுரே போயிடுச்சு! வாய் இருக்குன்னு என்ன வேணா சொல்லுவீங்களா?"

அன்னம்மாள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். சிந்து போனதும் மெழுகுவர்த்திக் கடை வள்ளியம்மாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "என்னா அன்னம்மா, அவ இந்தக் கத்து கத்துறா, நீ வாயே தொறக்கல?"

"திட்டட்டும்டி" என்றாள் அன்னம்மாள். "வித்யா இப்படி வந்து ஒரு வாட்டி என்னைத் திட்டியிருக்கக் கூடாதா?"