ஒன்பதாவது பொட்டலம்

தொழிலாளர் வழக்கில் கம்பெனி பக்கம் வாதாடுவது, உருவமே இல்லாத கட்சிக்காரருக்காகத் திட்டு வாங்கும் தொழில். காரைக்குடியில் பல வருஷமாக அதைத்தான் செய்கிறேன். கம்பெனி கூண்டில் ஏறாது, வெட்கப்படாது. இரண்டும் நம் தலையில். இதே பிழைப்பில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

யாருடைய ஆள்?

கண்டனூரில் ஒரு பெரிய வீட்டைக் குத்தகைக்கு எடுத்து ஹோட்டல் நடத்தும் கம்பெனி. அங்கே எலக்ட்ரீஷியனாக இருந்த ஆரோக்கியம் ஏணியிலிருந்து விழுந்ததில் வலது முட்டி நொறுங்கிவிட்டது. இனி ஏணி ஏறவே முடியாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆரோக்கியம் தொழிலாளர் ஆணையரிடம் நஷ்ட ஈடு கேட்டு மனுப் போட்டார்.

மேனேஜர் சுப்பையா, அவர் காண்ட்ராக்டர் ஆள் என்றார். யார் ஆளானாலும் பொறுப்பு கம்பெனியை விடாது என்று சொல்லிவிட்டு, அந்தக் காண்ட்ராக்டரைப் பார்க்கக் கோட்டையூர் போனேன். அது ஒரு செல்போன் கடை. உட்கார்ந்திருந்தவர் சுப்பையாவின் மச்சினன். "எனக்கு பல்பு மாட்டக்கூடத் தெரியாது சார். மாமா கையெழுத்துப் போடச் சொன்னாக, போட்டேன்."

நல்ல முதலாளிக்கு அத்தாட்சி

அந்தக் கதையைக் கைவிட்டோம். ஆரோக்கியம் எப்போதாவது கூப்பிட்டால் வந்துபோகும் வெளியாள் என்று பதில் மனு போட்டோம். சம்பள ரிஜிஸ்டரிலும் அவர் பேர் இல்லை. எழுதும்போது எனக்குக் கூசத்தான் செய்தது. இருந்தாலும் எழுதினேன்.

விசாரணையன்று சுப்பையா என்னிடம் காட்டாமல் ஒரு ஃபைல் கொண்டுவந்திருந்தார். கம்பெனி தன் ஆட்களை எவ்வளவு நன்றாக வைத்திருக்கிறது என்று காட்டவேண்டுமாம். சாட்சி சொல்லும்போது பெருமையாக நீட்டினார். ஆயுத பூஜைக்குப் பொரிப் பொட்டலமும் வேட்டியும் கொடுத்த லிஸ்ட், மூன்று வருஷத்துக்கு. தலைப்பு, 'நமது பணியாளர்கள்'. எங்கள் ஊர்ப் பக்கம் ரிஜிஸ்டரில் ஒருத்தரை விட்டுவிடுவார்கள், பூஜையில் விடமாட்டார்கள். ஆணையர் ஒன்பதாவது பேரில் விரலை வைத்து, இது யார் என்று கேட்டார். ஆரோக்கியம் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "நாந்தாங்கய்யா. வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன்னு சொல்லி ஒரு வருசம்கூட என்னைய விட்டதில்ல."

கட்டினால்தான் கதவு

ஆரோக்கியம் ஜெயித்தார். சென்னையிலிருந்து எம்.டி. போன்: உடனே அப்பீல். அறுபது நாள் கெடு, தீர்ப்புத் தொகையை முழுசாகக் கட்டிச் சான்றிதழ் வைக்கவேண்டும், அதற்கும் மேல் சட்டக் கேள்வி ஒன்று இருக்கவேண்டும் என்றேன். சும்மா போட்டுப் பாருங்கள் என்றார். போட்டேன். சான்றிதழ் எங்கே என்று மனு திரும்பி வந்தது.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது கட்டினார்கள். நான் சட்டக் கேள்வியைத் தேடிப் பிடித்து எம்.டி.க்குப் போன் பண்ணினால், மனிதர் குரலில் பழைய சூடு இல்லை. "கட்டினது கட்டியாச்சு. இனிமே எதுக்கு சார் அப்பீல்?"

இந்த வருஷ லிஸ்ட்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சுப்பையா என் ஆபீசுக்கு வந்தார். கையில் லிஸ்ட். ஆரோக்கியம் வேலையில் இல்லை. நஷ்ட ஈடு வந்தது, கால் வரவில்லை. ஒன்பதாவது பேரை எடுத்துவிடலாமா, அப்படியே இருந்தால் மறுபடி அத்தாட்சியாகிவிடுமா என்று கேட்டார். பேர் இருக்கட்டும், பொட்டலத்தை நீங்களே அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள் என்றேன். தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சார் தனியாப் போறது? நீங்களும் கூட வாரீகளா?"

போனோம். இத்தனை வருஷத்தில் நான் சொன்ன சட்ட ஆலோசனைகளில் யாரும் அப்பீல் போகாதது அது ஒன்றுதான்.