கண்ணாடியில் வைத்த விரல்

2024 அக்டோபர் 21, திங்கட்கிழமை. காலை 9.40. வானம் மூடிக் கிடந்தது. மூன்று நாளாக இதோ வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்த மழை இன்னும் வரவில்லை. கோயம்புத்தூரிலிருந்து மகள் அனுப்பிய டேப்லெட்டை அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, மேசைமேல் வைத்து, வலது கைச் சுட்டுவிரலால் முதல் தடவையாகத் தொட்டேன். விரல் போயிற்று. தொட்டதற்கான சேதி திரும்பி வரவில்லை.

மறுபடி தொட்டேன். அந்தப் பரப்பில் குளிர்ச்சியும் இல்லை, சூடும் இல்லை. விரல் வழுக்கிக்கொண்டு போனதே தவிர, எதன்மேல் போகிறது என்று எனக்குத் தெரியவில்லை. பதினோரு தடவை தட்டியதில் நாலு தடவைதான் படம் திறந்தது. கண்புரை அறுவைக்குப் பிறகு செய்தித்தாளின் சிறிய எழுத்தைப் படிக்க முடியவில்லை என்று நான் புலம்பியதால் வந்த பொருள் அது. எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாமாம். நான் எழுத்தைப் பார்க்கவில்லை, விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த விரல் எனக்குச் சோறு போட்ட விரல். முப்பத்திரண்டு வருஷம் சேரன்மகாதேவிப் பக்கம் ஆற்றுக் கால்வாயில் நீர்மட்டம் குறிக்கும் வேலை பார்த்தேன். காலை ஆறு மணிக்கு ஓர் அளவு எடுக்க வேண்டும். மார்கழியில் அந்நேரம் இருட்டாகத்தான் இருக்கும். பெயிண்ட் உரிந்துபோன அளவுகோல் கல்லில், வெட்டியிருக்கும் கோடுகளைச் சுட்டுவிரலால் தடவி எண்ணித்தான் அளவைச் சொல்வேன். டார்ச் அடித்துப் பார்த்தால் அதே எண்தான் இருக்கும். அப்படிப்பட்ட விரல் ஒரு கண்ணாடியைத் தொட்டு ஒன்றும் சொல்லவில்லை.

"என்னத்த அதப் போட்டு அந்தத் தேய் தேய்க்கிய?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்லளா" என்றேன்.

ஒன்றுமில்லாமல் இல்லை. எனக்குப் பதினேழு வருஷமாகச் சர்க்கரை. ராதாபுரத்தில் இருந்த என் அண்ணனுக்கும் சர்க்கரைதான். ஒருநாள் தின்பண்டக் கடையில் நின்றபோது, "செருப்பு கழண்டு விழுந்ததுகூடத் தெரியலலே" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். நானும் சிரித்தேன். ஐந்து மாதம் கழித்துக் காலில் உடைமுள் குத்தி, குத்தியதே தெரியாமல் ஆறு நாள் நடந்திருக்கிறான். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அவனுக்குக் காலில் தொடங்கியது எனக்கு விரலில் தொடங்கியிருக்கிறது என்று நினைத்தேன்.

அன்று முழுவதும் சோதனை. எள்ளையும் கடுகையும் கலந்து, கண்ணை மூடிக்கொண்டு பிரித்தேன். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று சரி. ஒன்பது தப்பு. அந்த ஒன்பது என்னைத் தூங்க விடவில்லை.

மறுநாள் டேப்லெட்டை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் மருத்துவரிடம் போனேன். சின்ன வயசுப் பெண். எனக்கு முன்னால் இருபத்தாறு பேர். தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையை எடுத்துக்கொண்டார்.

"கண்ண மூடுங்க ஐயா. இது படும்போதெல்லாம் 'ம்'னு சொல்லணும். சும்மா சொல்லக் கூடாது."

இரண்டு கையிலும் இருபது 'ம்' சொன்னேன். இருபதும் சரி.

"கையில ஒரு குறையும் இல்லையே. யாரு சொன்னா உணர்ச்சி இல்லன்னு?"

பையிலிருந்து டேப்லெட்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, ஓரத்தில் நகத்தால் நெம்பினார். சர்ரென்று ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் உரிந்து வந்தது.

"கம்பெனியில ஒட்டின தாளோட வச்சிருக்கிய. இதோட தொட்டா எனக்கும்தான் ஒண்ணும் தெரியாது."

"வீட்டுல புதுச் சாமானுக்குத் தாள் உரிக்கக் கூடாதும்மா. டிவி ரிமோட்டு ஆறு வருஷமா உறையிலதான் இருக்கு."

அவர் சிரித்தார். நான் விரலை வைத்தேன். குளிர்ந்தது. விடியற்காலை ஆற்றுக்குள் கிடக்கும் வழவழப்பான கல்லின் குளிர்ச்சி. விரல் ரேகை லேசாகப் பிடித்துப் பிடித்து நகர்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"வந்ததுதான் வந்திய, காலையும் பாத்துருவோம்" என்றார்.

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். முதல் 'ம்' உண்மை. பிறகு எதுவும் பட்டதாகத் தெரியவில்லை. ஆனால் மருத்துவரின் பழகிய கைக்கு ஒரு தாளம் உண்டு. என் கையில் தொட்டபோதே அதை எண்ணி வைத்திருந்தேன்: மூன்று எண்ணுவதற்கு ஒரு தொடல். ஒன்று, இரண்டு, மூன்று, "ம்". ஒன்று, இரண்டு, மூன்று, "ம்". பயத்தில் சொன்னேன். வேறு காரணம் இல்லை.

"காலும் நல்லாத்தான் இருக்கு" என்று எழுதிக்கொண்டார்.

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் சந்துக்குள் ஆட்டோ வராது. முனையில் இறங்கினால் வாசலுக்கு நாற்பத்தொரு அடி, எண்ணிக்கொண்டேதான் வந்தேன். மனைவி கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கீழே பார்த்தாள்.

"என்ன, ஒத்தச் செருப்போட வாறிய?"

குனிந்தேன். வலது கால் வெறுங்காலாக, கணுக்கால் வரைக்கும் சேறாக இருந்தது. இன்னொரு செருப்பு பாதிச் சந்தில் சேற்றில் குத்திட்டு நின்றது. அங்கிருந்து வாசலுக்கு இருபத்திரண்டு அடி. ஒவ்வோர் அடியையும் எண்ணியிருக்கிறேன். ஓர் அடியும் தெரியவில்லை.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் காலைக் கழுவி, விரல் இடுக்கெல்லாம் பார்த்து, "முள்ளு ஒண்ணும் இல்ல" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் அவளும் கூட வந்தாள். "நேத்து எண்ணித்தான் சொன்னேன்ம்மா" என்றேன். மருத்துவர் நைலான் இழையை மறுபடி எடுத்தார். இந்தத் தடவை தாளம் இல்லாமல் தொட்டார். பாதத்துக்குப் பத்து இடம். வலதில் ஆறு இடத்திலும் இடதில் இரண்டு இடத்திலும் உணர்ச்சி இல்லை.

"போனது திரும்பாது. மிச்சத்தக் காப்பாத்துவோம். தினமும் உள்ளங்காலப் பாக்கணும்."

என்னால் அவ்வளவு குனிய முடியாது. அதனால் தினமும் காலை ஆறு மணிக்குக் காலை நீட்டிக்கொண்டு உட்காருவேன். மனைவி டேப்லெட்டைப் பிடித்து உள்ளங்காலைப் படம் எடுத்துக் கொடுப்பாள். நான் இரண்டு விரலை வைத்து விரித்துப் படத்தைப் பெரிதாக்கி, குதிகாலிலிருந்து பெருவிரல் வரை கீறலோ கொப்புளமோ இருக்கிறதா என்று தேடுவேன். விரலுக்குக் கண்ணாடியின் குளிர்ச்சி நன்றாகத் தெரிகிறது. விரல் தடவுவது என் காலை. அந்தக் காலுக்கு ஒன்றும் தெரிவதில்லை. பார்த்து முடிக்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறேன் என்று மனைவி சொல்கிறாள்.

டேப்லெட் மகள் கணக்கு. என் கணக்கில், இரண்டு நாள் ஆட்டோ 480, மருத்துவருக்கு 300, இரத்தச் சோதனை 250, ஒரு மாத மாத்திரை 615, பின்பட்டை வைத்த மெத்தைச் செருப்பு 1,150. ஆக 2,795 ரூபாய்.